வயிற்றில் பூச்சி இருக்கும்போது தடுப்பூசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டே புரள்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தேன், வெள்ளை நூல் மாதிரி நாலைந்து பூச்சிகள் நெளிந்தன. அடுத்த வாரம் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் தடுப்பு) பூஸ்டர் ஊசி. "வயிற்றில் பூச்சியோடு போட்டால் ஊசி பிடிக்காது, மருந்து கொடுத்து ஒரு மாதம் போகட்டும்" என்கிறார் மாமியார். தள்ளிப் போடலாமா?

பதில்: வேண்டாம். குறித்த தேதியில் ஊசி போட்டுவிடுங்கள். பூச்சி மாத்திரையை இந்த வாரமே கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

ஆனால் உங்கள் மாமியார் சொல்வது வெறும் பயமும் இல்லை. குடலில் ஒரு புழு மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூடக் குடியிருக்க வேண்டுமென்றால், நம் எதிர்ப்பு சக்தியை அது அடக்கி வைத்தாக வேண்டும். எதிர்ப்பைத் தணிக்கும் செல்களைப் பெருகச் செய்துதான் அதைச் சாதிக்கிறது. அப்படித் தணிந்த உடம்பு தடுப்பூசிக்கும் மந்தமாகவே பதில் சொல்லலாம். ஈக்வடாரில் உருண்டைப்புழு இருந்த பிள்ளைகளுக்கு, வாய்வழி காலரா தடுப்பு மருந்துக்கு முன்பாக அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு கூடுதலாக வந்தது. எத்தியோப்பியாவில் புழு நீக்கியபின் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களிடமும் அப்படித்தான். யானைக்கால் புழு உள்ளவர்களிடம் டெட்டனஸ் ஊசி சரியாக வேலை செய்யாததையும் கண்டிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் எல்லோருக்கும் முதலில் புழு நீக்கிவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்குமா? உகாண்டாவின் என்டெபேயில் சுமார் 2,500 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். தாய்க்குப் புழு மருந்து கொடுத்ததால் குழந்தைக்குப் பிசிஜி, டெட்டனஸ், தட்டம்மை ஊசிகள் கூடுதலாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. 2011-ல் வந்த முடிவு இது. புழுவால் ஊசியின் பலன் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். ஊசியே போடாவிட்டால் பலன் சுத்தமாக இல்லை. "பூச்சி போகட்டும்" என்று தள்ளிவைத்து ஆறு மாதம் கழித்து வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. தொண்டை அடைப்பானும் கக்குவானும் அதுவரை காத்திருக்காது.

உங்கள் மகனிடம் இருப்பது கீரிப்பூச்சி. உருண்டைப்புழுவைப் போல அது நுரையீரல் வரை சுற்றிவராது, குடலோடு நின்றுவிடும். அதனால் இன்னும் குறைவாகவே கவலைப்படலாம்.

2 வயதுக்கு மேல் வழக்கமாக 400 மி.கி. அல்பெண்டசோல் ஒன்று, நன்றாக மென்று விழுங்க வேண்டும். வலிப்பு மருந்தோ வேறு மருந்தோ சாப்பிடுகிறான் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் கொடுக்க வேண்டாம். ஊசி நாளிலேயே கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் ஊசியால் காய்ச்சல் வரலாம், மாத்திரையால் வயிறு வலிக்கலாம். எது எதனால் என்று குழம்பாமல் இருக்க, இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் கொடுக்க வேண்டும், முட்டைகளை மாத்திரை முழுதாக அழிக்காது. டாக்டரைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிடுங்கள். பெண்பூச்சி ராத்திரியில்தான் முட்டை இடும். அதனால் காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, ஜட்டியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.