வெண்குஷ்டம் என்பதை வெண்புள்ளி என்று மாற்றிச் சொன்னால் என்ன ஆகிவிடும்?

நோய் மாறாதுதான். ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் முகம் மாறும்.

எங்களுக்குச் செங்கோட்டைப் பக்கம். அத்தைக்கு உதட்டோரம் வெள்ளை விழுந்தது. 'வெண்குஷ்டம்' என்று யாரோ சொன்னதுதான் தாமதம், வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் வந்துவிட்டது. அப்புறம் புனலூரில் ஒரு தோல் டாக்டர், மலையாளத்தில் 'வெள்ளப்பாண்டு' என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அத்தை தெம்பாகப் பேசிக்கொண்டு வந்தார். அந்தச் சொல்லில் குஷ்டம் இல்லையே! (நம் சித்த வைத்தியத்தில் பாண்டு என்றால் ரத்தசோகை, அது வேறு கதை.)

குஷ்டம், அதாவது தொழுநோய், கிருமியால் வருவது. 1873-இல் நார்வேக்காரர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். தொழுநோயில் தோலில் விழும் தேமல் பெரும்பாலும் மரத்துப்போயிருக்கும். வெண்புள்ளியில் தொட்டால் உணர்ச்சி தெரியும். நிறமிச் செல்கள் அழிந்து நிறம் மட்டும் போகிறது, யாருக்கும் தொற்றாது. இரண்டையும் முடிச்சுப்போட்டது பெயர்தான். தமிழ்நாடு அரசே 'வெண்புள்ளி' என்று எழுதச் சொல்லிவிட்டது.

சரி, தொழுநோய் வந்தவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? அதற்கும் 6 அல்லது 12 மாத மாத்திரையில் குணம் உண்டு.

அத்தையின் தனி டம்ளர் இன்னும் இருக்கிறது. அதில்தான் உலைக்கு அரிசி அளக்கிறோம்.