தமிழ் மீடியத்தில் படித்த மகளுக்கு ரஷ்யாவில் எம்பிபிஎஸ் படிக்க ஆங்கிலம் போதுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ ஆங்கிலத்தில். ரஷ்யா போனால் சமாளிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்துக்கு, ஆரம்பத்தில் அந்த ஆங்கிலமே போதும். உடற்கூறியலில் வரும் பெயர்கள் பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் அவை புதுசுதான்.

கஷ்டம் வேறு இடத்தில். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி கட்டாயம். ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் வலியைச் சொல்வார். அது புரியாத மாணவர்கள் நோயாளியிடம் எதுவும் கேட்காமல் ஓரமாக நின்றுவிடுகிறார்கள்; படிப்பே அங்கேதான் நழுவுகிறது. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்! வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று வளர்ந்த பாலக்காட்டுப் பிள்ளைக்கு இன்னொரு மொழி பெரிய பயமாக இருக்காது என்பது என் கணிப்பு.

திரும்பி வந்தால், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை செய்ய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வு: 300 கேள்விகள், முழுக்க ஆங்கிலம், 150 எடுத்தால் பாஸ். நீட்டைத் தமிழில் எழுதலாம், இதை அப்படி எழுத முடியாது. எனவே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, ஆங்கில உயிரியல் புத்தகத்தைத் தினமும் வேகமாக வாசிக்கப் பழக்குங்கள். அப்புறம், ரஷ்ய மொழி வகுப்பு எத்தனை ஆண்டு நடக்கும் என்று சேரும் முன்பே கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள்.