8,000 டொலர் வீடு எங்கள் பக்கம் சரிவருமா?

கேள்வி: மெக்சிகோவில் ஒரு பெண் கட்டடக் கலைஞர் 8,000 டொலர் செலவில் வீடு வடிவமைத்தாராமே, யார் அவர்? அப்படி ஒன்று இங்கே கட்டலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தாத்தியானா பில்பாவோ. 1972இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர், 2004இல் சொந்த அலுவலகம் தொடங்கியவர், குலியாக்கான் தாவரவியல் பூங்கா மாதிரிப் பெரிய வேலைகளும் செய்திருக்கிறார். எனக்கும் அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது நீங்கள் கேட்கிற அந்த வீடுதான்.

2015இல் சிக்காகோவில் நடந்த கட்டடக்கலைக் கண்காட்சியில் அதை முழு அளவில் கட்டி வைத்தார். வரைவதற்கு முதல், அப்படியான வீட்டில் குடியிருக்கப் போகிற சனங்களிடம் போய் என்ன வேண்டும் என்று விசாரித்திருக்கிறார்கள். காசு வரவரக் கூட்டிக் கட்ட எல்லோருக்கும் விருப்பம், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது அரைகுறை வீடாகத் தெரியக்கூடாது, முகட்டுக் கூரை போட்ட முழு வீடாகத் தெரிய வேண்டும் என்றார்கள். அதனால் நடுவில் சீமெந்துக் கல்லால் உறுதியான ஒரு பகுதி, அதைச் சுற்றி மரப் பலகைத் தட்டுகள் போன்ற பாரம் குறைந்த பொருட்களால் அறைகள். முதல் கட்டத்தில் இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, குசினி, 5 மீட்டர் உயரத்தில் ஒரு ஹோல். பிறகு இன்னும் அறை சேர்த்தாலும் வெளித்தோற்றம் கெடாது.

இங்கே சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் எத்தனை வீட்டுத்திட்டம் வந்தது, பயனாளிப் பட்டியலில் பெயர் கேட்டார்கள், கையொப்பம் கேட்டார்கள், குசினி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டவர் மிகக் குறைவு. மகள் கலியாணம் முடித்தால் அதே வளவுக்குள்தான் வீடு வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பிளான் கீறியவருக்குத் தெரியவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

சரி, அப்படியே கொண்டுவந்து கட்டலாமா? மரத்தட்டு வேண்டாம், கறையான் விடாது. 1978இல் பெரிய சூறாவளி அடித்த இடம் இது, உயரமான கூரை போடுவதென்றால் கூரை மரத்தையும் சுவரையும் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். எடுக்க வேண்டியது அவருடைய முறையைத்தான்: பிறகு கூட்டப்போகிற அறைக்கும் தொடக்கத்திலேயே அத்திவாரமும் கூரைச் சாய்வும் யோசித்து வைப்பது. மேல்மாடிக்கென்று தூண் தலையில் கம்பியை நீட்டி விட்டிருப்பவர்கள் மட்டக்களப்பில் கடலோரக் கல்லடிப் பக்கம் போய்ப் பாருங்கள், உப்புக்காற்றில் கம்பி செதில் செதிலாக உரிந்து, துருத்தண்ணி தூணில் செம்மஞ்சள் கோடாக இறங்கியிருக்கும். நாலைந்து வருடம் கழித்து அந்தக் கம்பியை நம்பி மாடி ஏற்றக்கூடாது. இப்போதே சீமெந்துக் கரைசல் பூசி, மேலே சீமெந்துக் கலவையால் மூடிவிடுங்கள், தேவைப்படும்போது உடைத்து எடுக்கலாம்.

கேள்வி: மகன் ஏ.எல். படிக்கிறான். கட்டடக்கலை படிக்க நன்றாகப் படம் கீற வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஓரளவு கைப்பழக்கம் வேண்டும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன பில்பாவோவின் அலுவலகத்திலேயே கணினியில் செய்கிற நிஜம் போன்ற படங்களை ஒதுக்கிவிட்டு, தாள் வெட்டி ஒட்டிய படங்களோடுதான் வேலை செய்கிறார்கள். மகனிடம் ஒரு அளவுநாடா கொடுத்து, உங்கள் வீட்டையே அளந்து கீறச் சொல்லுங்கள்.