‘ஃபுக்ரே ரிட்டர்ன்ஸ்’: முதல் பாகம் பார்க்காமல் நேரே பார்க்கலாமா?

கேள்வி: ‘ஃபுக்ரே ரிட்டர்ன்ஸ்’ இந்திப் படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். முதல் பாகம் யாரும் பார்த்ததில்லை, இந்தியும் அரைகுறைதான். நேராக இதிலேயே ஆரம்பிக்கலாமா? ஆறாம் வகுப்பு படிக்கும் மகனும் கூட இருப்பான்.

பதில்: கதை புரிந்துவிடும். சிரிப்பு பாதிதான் வரும். அதனால் 2013இல் வந்த ‘ஃபுக்ரே’யை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றாலும் என் ஓட்டு அதற்கே. இரண்டையும் இயக்கியவர் மிருக்தீப் சிங் லாம்பாதான். ஆனால் 2017 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகம், இந்தப் பையன்களோடு நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது.

‘போலி பஞ்சாபன்’ (Bholi Punjaban) என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சா சட்டா நடித்த தாதா பாத்திரம். முதல் பாகத்தில், வேலைவெட்டி இல்லாமல் சுற்றும் நான்கு டெல்லிப் பையன்கள், தங்களில் ஒருவனான லாலியின் அப்பா கடையை அடகாக வைத்து இவளிடம் பணம் வாங்குகிறார்கள். எதை நம்பி? அவர்களில் இன்னொருவனான சூச்சாவின் கனவை நம்பி. அவன் கண்ட கனவைச் சொல்வான். நண்பன் ஹன்னி அதைப் பிரித்து மேய்ந்து ஒரு லாட்டரி எண்ணைக் கண்டுபிடிப்பான். அந்தக் கணக்கு ஒரு முறை பிசகியதும் நால்வரும் அவள் பிடியில் சிக்கித் தவிப்பதும், கடைசியில் அவளைச் சிறைக்கு அனுப்புவதும்தான் படம். அந்தத் தவிப்பைக் கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத்தான், இரண்டாம் பாகத்தில் அவள் வெளியே வந்து எதிரே நிற்கும்போது வயிற்றைக் கலக்கும். அவளிடமே சூச்சா மனதைப் பறிகொடுத்து நிற்பதும் அப்போதுதான் சிரிப்பை வரவழைக்கும். பார்க்காதவர்களுக்கு அவள் இன்னொரு வில்லி, அவ்வளவுதான்.

முதல் பாகம் கிடைக்கவே இல்லையென்றால் மேலே சொன்னதை மட்டும் வீட்டாருக்குச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள். இதில் சூச்சாவுக்கு நடக்கப்போவது முன்கூட்டியே கண்ணில் தெரிகிறது. லாட்டரியில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக ஊராரிடம் வசூல் செய்வதும், ஓர் அரசியல்வாதி குறுக்கே புகுந்து அதைக் கவிழ்ப்பதும் நன்றாக எழுதப்பட்ட பகுதி. புலி, புதையல் என்று போகும் பிற்பகுதி இழுவை. அங்கே படத்தைத் தூக்கி நிறுத்துவது சூச்சாவாக வரும் வருண் சர்மாவின் முகம்தான்.

மொழியைப் பொறுத்தவரை, சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். யமுனைக்கு அந்தப் பக்கம், கிழக்கு டெல்லியில் பேசும் பஞ்சாபி கலந்த இந்தி இது. பாடப்புத்தக இந்தி படித்தவர்களே தடுமாறுவார்கள். பண்டிட்ஜியாக வரும் பங்கஜ் திரிபாதி பேசும்போது மட்டும் எழுத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். எந்த நெருக்கடியிலும் அவசரமே படாத அந்த நிதானத்தை எந்த சப்டைட்டிலும் தராது.

மகன் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். அடிதடியை விட, இரட்டை அர்த்த வசனங்கள்தான் உங்களை நெளியவைக்கும். முடிந்தால் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு அவனோடு உட்காருங்கள். 2023இல் வந்த மூன்றாம் பாகத்தை இதே சூட்டில் போட்டுவிடாதீர்கள். அதில் சூச்சாவின் சிறுநீரும் ஹன்னியின் வியர்வையும் கலந்தால் பெட்ரோல் கிடைக்கும் என்பதுதான் பிரதான நகைச்சுவை. ஆறாம் வகுப்புப் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்.