அந்தக் கூம்புக் குண்டு டில்ட்டுக்கு உரியது

பழைய பின்பால் மெஷினின் (காசு போட்டு உலோகப் பந்தைத் தட்டி விளையாடும் மெஷின்) பெட்டிக்குள் நடுவில் துளையும் பக்கத்தில் திருகும் உள்ள கூம்பு வடிவ உலோகக் குண்டு கிடந்தது என்றீர்களே, அது டில்ட் குண்டு, அதாவது மெஷினை உலுக்கினால் கண்டுபிடித்து ஆட்டத்தை நிறுத்தும் பாகம், கொத்தனாரின் தூக்குக்குண்டுக்குத் தம்பி மாதிரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காசு போடும் கதவைத் திறந்து உள்சுவரைப் பாருங்கள், ஒரு உலோக வளையத்துக்குள் மெல்லிய கம்பி தொங்கும். குண்டு அதில்தான் மாட்ட வேண்டும். யாராவது மெஷினைப் பிடித்து உலுக்கினால் கம்பியோ குண்டோ வளையத்தில் பட்டு சர்க்யூட் சேர்ந்துவிடும், அந்தப் பந்து போச்சு. முன்னால் வைத்திருந்தவர் வேண்டுமென்றே கழற்றியிருப்பார் என்று நினைக்கிறேன், வீட்டில் பிள்ளைகள் விளையாட அதுதான் வசதி. மாட்டியதும் திருகைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், லேசாகத் தட்டினாலே டில்ட் ஆனால் இடைவெளி போதவில்லை. அப்புறம் வளையத்தையும் துடைத்துவிடுங்கள், அழுக்கு இருந்தால் தொட்டாலும் வேலை செய்யாது.