ஃபிளாஷ் பாயிண்ட் 220 என்றால் எண்ணெய்ப் புகை பற்றாதா?

கேள்வி: டர்பன் ஜேக்கப்ஸில் சின்ன அலுமினிய டை காஸ்டிங் (அச்சு வார்ப்பு) பட்டறை நடத்துகிறேன். உலைக்கு மூன்று மீட்டர் தள்ளியுள்ள மெஷினில், அழுத்த எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ் ஊசித்துளை விட்டு, எண்ணெய் புகைபோல் அடித்தது. "ஃபிளாஷ் பாயிண்ட் 220 டிகிரி, அதற்குக் கீழே பற்றாது" என்கிறார் ஆயில் விற்பவர். ஆனாலும் 'தீப்பிடிக்காத ஆயில்' ஒரு டிரம்மும், எண்ணெய்ப்புகையைக் கண்டுபிடிக்கும் கருவியும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பற்றும். கையால் தொடக்கூடிய சூட்டில் இருக்கும் எண்ணெயும் புகையாகப் பீய்ச்சினால் பற்றும். அந்த 220, ஒரு சிறு கோப்பையில் எண்ணெயை ஊற்றிச் சூடேற்றி, மேலே சுடரைக் காட்டி, எந்தச் சூட்டில் ஆவி பற்றுகிறது என்று அளந்த எண். தேங்கிக் கிடக்கும் எண்ணெய்க்குத்தான் அது பொருந்தும். அகல் எண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும், திரியில் ஏறிய எண்ணெய்தான் எரியும். புகையாகப் பறக்கும் துளிக்குத் திரியும் வேண்டாம். அது அவ்வளவு சிறியது என்பதால், சுடர் நெருங்கியதுமே ஆவியாகி எரிந்து, பக்கத்துத் துளியையும் பற்றவைக்கும்.

ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 45 கிராம் எண்ணெய் நுண்துளிகளாக மிதந்தால் தீ பரவப் போதும். துளி சற்றுப் பெரிதானால் இதைவிடக் குறைவிலும் பரவலாம். 45 கிராம் என்பது நீட்டிய கையின் விரல்கள் தெரியாத அளவு மூட்டம். பட்டறை முழுதும் லேசாக மங்கியிருப்பது நுரையீரலுக்குக் கெடுதிதான், ஆனால் வெடிக்காது. துளைக்கு முன்னால் நிற்கும் வெள்ளைப் பீய்ச்சல்தான் ஆபத்து. 160 பார் அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை நிமிடத்துக்கு ஐந்து லிட்டருக்கு மேல் கக்கும். அதெல்லாம் நுண்துளியானால் ஏறத்தாழ 100 கனமீட்டர் காற்றை எரியும் கலவையாக்கிவிடும். உங்கள் உலையில் உருகிய அலுமினியம் 680 டிகிரியில் நிற்கிறது. இதில் 220ஐப் பற்றி என்ன பேச்சு?

இன்றே செய்ய வேண்டியது: பம்பை நிறுத்துங்கள். அக்குமுலேட்டர் (அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் உருளை) இருந்தால் அதன் வடிகால் வால்வைத் திறந்து, கேஜ் பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள். பம்ப் நின்றாலும் அக்குமுலேட்டருக்குள் அழுத்தம் இருக்கும், கரண்ட் போனாலும் இருக்கும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, எண்ணெய் தோலுக்குள் ஏறி விரலையே எடுக்க வேண்டி வரும். டேப் சுற்றாதீர்கள், ஹோஸை மாற்றுங்கள். ஹோஸின் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்: ஜெர்மானிய டின் 20066 நெறிப்படி, கடையில் கிடந்த காலத்தையும் சேர்த்து ஆறு ஆண்டுதான் ஆயுள். பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிவந்து பாதி விலைக்குத் தருபவரிடம் அந்தத் தேதி பெரும்பாலும் சுரண்டப்பட்டிருக்கும்.

பிறகு உலைக்கும் ஹோஸுக்கும் நடுவே தகரத் தடுப்பு வையுங்கள், ஹோஸின் மேலும் உறை போடுங்கள். தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கினால் பம்பைத் தானே நிறுத்தும் ஃபுளோட் சுவிட்ச் வேண்டும். நிறுத்தும் பொத்தான் ஒன்று வாசலருகே இருக்கட்டும். தீப்பிடித்தால் முதலில் அதை அழுத்த வேண்டும், தீயணைப்பான் அப்புறம். பீய்ச்சல் ஓடும்வரை அணைத்தாலும் மறுபடி பற்றும்.

இனி 'தீப்பிடிக்காத ஆயில்'. அப்படி எதுவும் இல்லை, தீயை எதிர்க்கும் திரவம்தான் உண்டு. டிரம்மில் என்ன வகை என்று கேளுங்கள், தீ எதிர்ப்புத் திரவங்களுக்கான ஐஎஸ்ஓ 12922 தர நெறிப்படி வகை எழுதிய தாள் தராவிட்டால் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் எச்எஃப்சி எனும் தண்ணீர்–கிளைக்கால் கலவையைத் தருவார்கள். நல்ல சரக்குதான், பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருப்பதால், பீய்ச்சலில் தீ தொடர்ந்து எரியாது. ஆனால் அந்தக் காவல் தண்ணீரிடம்தான் இருக்கிறது. சூடான உலோகத்தில் சொட்டித் தண்ணீர் ஆவியாகிவிட்டால் மிஞ்சும் கிளைக்கால் எரியும். தொட்டி 60 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் வேகமாகக் குறையும். எனவே தண்ணீரின் அளவை ரிஃப்ராக்டோமீட்டர் எனும் ஒளிவிலகல் மானியால் அளந்து, குழாய்த் தண்ணீரல்லாமல் டிஸ்டில்டு வாட்டரால் ஈடுசெய்ய வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள பாகங்களை அது அரிக்கும், பழைய பெயிண்டை உரிக்கும், பாலியூரித்தேன் சீல்களைக் கெடுக்கும், பம்பின் பேரிங் ஆயுளையும் குறைக்கும். பழைய எண்ணெயோடு கலக்கவே கூடாது, தொட்டி, சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் வடித்துக் கழுவியபிறகே ஊற்ற வேண்டும். ஒரு டிரம்மை மேலே ஊற்றினால் போதும் என்பவர் உங்கள் பம்பைக் கெடுத்து, புதுப் பம்பையும் விற்கப் பார்க்கிறார் என்று வையுங்கள்.

எண்ணெய்ப்புகைக் கருவி வேண்டாம். அது கப்பல் இயந்திரங்களின் மூடிய கிராங்க்கேஸுக்காக (சுழல்தண்டு இருக்கும் அடிப்பெட்டிக்காக) வந்தது. 1947இல் பெல்ஃபாஸ்ட் அருகே ரெய்னா டெல் பசிஃபிகோ கப்பலில் கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்ததால்தான் அந்த ஆபத்தை உலகம் கவனித்தது. அங்கே எரியும் அளவின் இருபதில் ஒரு பங்கிலேயே அலாரம் அடிக்கும். விசிறி ஓடும் திறந்த பட்டறையில், பீய்ச்சல் உலையைத் தொடும்வரை அது சும்மா இருக்கும். அந்தப் பணத்தில் ஹோஸ்கள் வாங்குங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு 85ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஆபத்தைக் கண்டறிவது முதலாளி பொறுப்பு என்கிறது. சோதிக்க வருபவர்களோ தீயணைப்பானில் தொங்கும் அட்டையில் தேதி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஹோஸில் தேதி பார்க்கும் கட்டம் அவர்கள் தாளில் இருந்தால்தானே! நீங்களே ஒரு நோட்டில் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, மாற்றிய நாள் எழுதி வையுங்கள். காப்பீட்டுக்காரரிடம் காட்ட அதுவே ஆதாரம்.

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பம்ப் தானே ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால், ஆள் அழுத்தினால் மட்டுமே கிளம்பும்படி ஸ்டார்ட்டரை எலக்ட்ரீஷியனிடம் மாற்றச் சொல்லுங்கள்.