அம்மா என்ன சொன்னாங்க?

வணக்கம் மேடம்,
எங்க அம்மாவுக்கு 58 வயசு, எங்களோடதான் இருக்காங்க. கர்ப்பப்பை இறங்கி வெளிய வந்துடுது, மூணாவது ஸ்டேஜ்ங்கறாங்க. ஒரு டாக்டர் எடுத்துடலாம், இனிமே அது எதுக்குன்னு சொல்றார். இன்னொரு டாக்டர் எடுக்காமலே தூக்கித் தைக்கலாம்ங்கறார். எடுத்துட்டா கேன்சர் பயமில்லன்னு என் மனைவி, எடுத்தா எலும்பு போயிடும்னு அத்தை. இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் உண்டு. எது பெஸ்ட்?
க., வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்த நாலு தடவ படிச்சேன். ரெண்டு டாக்டர், மனைவி, அத்தை, இன்சூரன்ஸ் எல்லாரும் பேசறாங்க. அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி இல்ல. ரொம்ப கோவம் வந்துச்சு, உங்க மேல மட்டும் இல்ல.

எங்க வீடு அப்போ பெரம்பூர்ல ரெண்டாவது மாடி. லாரித் தண்ணி வந்தா அம்மாதான் குடம் குடமா தூக்கிட்டு ஏறுவாங்க, என் தம்பி பொறந்து முப்பது நாள் கூட ஆகல, அப்பவும் ஏறுனாங்க. எத்தனையோ வருஷம் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சுது, அவங்க பாத்ரூம் போனா ஏன் அவ்ளோ நேரம் ஆகுதுன்னு. வெளிய வந்தத கையால உள்ள தள்ளுனாதான் சிறுநீர் போகும். 'அடி தள்ளுது'ன்னு ஒரு தடவ பக்கத்து வீட்டு அக்காகிட்ட மட்டும் சொல்லிருக்காங்க. எங்கிட்ட சொல்லல, நானும் கேக்கல.

ஒரு நர்சிங் ஹோம்ல காட்டுனோம். டாக்டர் அப்பாகிட்ட பேசுனார், அப்பா என்னைப் பாத்தார், நான் படிச்சவ இல்லையா, கையெழுத்துப் போட்டேன். மயக்கம் தெளிஞ்சதும் அம்மா கேட்ட மொத கேள்வி, "எடுத்துட்டாங்களா?" அவங்ககிட்ட யாருமே சொல்லியிருக்கல தம்பி. மூணு வருஷத்துல திரும்ப ஏதோ கீழ வந்து முட்டுச்சு. "எடுத்தது மறுபடி வளந்து வருதாடி?"ன்னு கேட்டாங்க. வளரல. கர்ப்பப்பைய எடுத்த பிறகு தச்சு மூடுன யோனியோட மேல்முனையே கீழ இறங்கிடுச்சு.

இத ஒண்ண நல்லா புரிஞ்சுக்கோங்க. கொடிக்கயிறு தளந்து துணி தரையில புரண்டா துணி மேல தப்பா? கர்ப்பப்பை தானா இறங்கறதில்ல. அத மேல பிடிச்சிருக்கற தசைநாரும் கீழ தாங்கற இடுப்புத்தள தசையும் பிரசவத்துலயும் பாரத்துலயும் தீராத மலச்சிக்கல், இருமல்லயும் விட்டுப்போச்சு, அதனால இறங்குது. துணிய எடுத்தாலும் கயித்த இறுக்கிக் கட்டித்தானே ஆகணும்? அதனால எடுக்கறதா வைக்கறதாங்கறது ரெண்டாவது கேள்வி. "மேல்முனைய எதுல தூக்கிக் கட்டப்போறீங்க?" இதுதான் மொதல்ல டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது, எடுக்கச் சொல்றவர்கிட்டயும் கேளுங்க, வைக்கச் சொல்றவர்கிட்டயும் கேளுங்க, பதில் புரியற வரைக்கும் எழுந்து வராதீங்க.

நெதர்லாந்துல 208 பெண்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. பாதிப் பேருக்கு கர்ப்பப்பைய வெச்சுக்கிட்டே இடுப்புக்குள்ள இருக்கற ஒரு கெட்டியான தசைநாரோட தச்சாங்க, மீதிப் பேருக்கு எடுத்துட்டு மேல்முனைய வேற தசைநார்ல கட்டுனாங்க. 2019ல வந்த 5 வருஷ முடிவுல, மேல்பகுதி திரும்ப இறங்கி தொந்தரவு பண்ணதோ மறு ஆபரேஷன் ஆனதோ, வெச்சவங்கள்ல 1 ஆள், எடுத்தவங்கள்ல 8 பேர். நம்ம ஊருக்கும் இது புதுசில்ல, பம்பாய்ல டாக்டர் ஷிரோத்கரும் புரந்தரேயும் அந்தக் காலத்துலயே எடுக்காம தூக்கிக் கட்டுற ஆபரேஷன் பண்ணவங்க. இனிமே அது எதுக்குன்னு யாரும் சும்மா சொல்லிட்டுப் போக முடியாது.

அத்தை சொல்ற எலும்பு விஷயம் முட்டை உருவாகற சினைப்பையப் பத்தினது, மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டா வர்றது. அத விடுங்க. உங்க மனைவி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு: மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் பட்டிருந்தாலோ கர்ப்பப்பை வாய்ல செல் எடுத்துப் பாக்கற பாப் ஸ்மியர் டெஸ்ட்ல கோளாறு இருந்தாலோ மொதல்ல அதப் பாக்கணும், வைக்கறதப் பத்திப் பேசவே கூடாது. அதெல்லாம் இல்லன்னா வெறும் பயம் ஒரு காரணமாகாது. வெச்சா டாக்டர் சொல்றப்ப செக்கப்புக்குப் போகணும், அவ்ளோதான்.

ஆபரேஷனே வேண்டாம்னு அம்மா நினைக்கலாம். சிலிக்கான் வளையம் ஒண்ணு இருக்கு, பெஸ்ஸரின்னு பேரு, உள்ள பொருத்திட்டா தாங்கிப் பிடிக்கும், அப்பப்போ எடுத்துக் கழுவணும். இதப் பத்தி உங்க கடிதத்துல பேச்சே இல்ல, கேட்டுப் பாருங்க. இல்ல, எடுத்துடுங்க, எனக்கு விடுதலையா இருக்கும்னு அம்மா சொல்லலாம், எத்தனையோ பேர் மனசார சொல்லிருக்காங்க. அப்போ எடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. என் அம்மாவும் ஒருவேள அதத்தான் சொல்லிருப்பாங்களோ என்னவோ.

அடுத்த தடவ போறப்ப லேடி டாக்டரா பாத்து போங்க, நீங்க வெளிய உக்காருங்க. மகன் பக்கத்துல இருக்கறப்ப எந்த அம்மாப்பா எங்க வலிக்குது, எது வெளிய வருதுன்னு வாய் திறந்து சொல்லுவாங்க? வீட்டுக்கு வந்த பிறகு டிவிய அணைச்சுட்டு கேளுங்க. அடுத்த கடிதம் அவங்க எழுதட்டும். எழுத கூச்சமா இருந்தா அவங்க சொல்லச் சொல்ல உங்க மனைவி எழுதட்டும்.